எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை வைத்து டேபிளில் தரவு ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் மொத்த வியாபாரக் கடைகள், ஃபார்வர்டிங் ஆபீஸ்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குச் சாமான் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் என்று பல இடங்களில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். "அண்ணே, ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலும் கூடவே ஒரு எக்ஸ்எஸ்டி ஃபைலும் அனுப்பியிருக்கிறார்கள். இதை எப்படி டேபிளில் ஏற்றுவது?" என்ற கேள்வி முன்பு மாதத்துக்கு ஒரு தடவை வரும். மலேசியாவில் இ-இன்வாய்ஸ், அதாவது வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் மின்னணு பில், வந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

எக்ஸ்எஸ்டி ஃபைலைத் திறந்தால் தரவு ஒன்றுமே இல்லையே, அது எதற்கு?

தரவு எக்ஸ்எம்எல் ஃபைலில், டேக் என்ற பெயர்ச்சீட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. அது எந்த வடிவத்தில் வரும் என்று அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்தான் எக்ஸ்எஸ்டி, அதாவது ஸ்கீமா. எந்த டேக் கட்டாயம், எது இல்லாமலும் இருக்கலாம், எது பல தடவை வரும், எதற்குள் எண், எதற்குள் தேதி என்பதெல்லாம் அதில் இருக்கும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல்லை 1998-லும் இந்த ஸ்கீமா மொழியை 2001-லும் வெளியிட்டது. 1.1 பதிப்பு 2012-ல் வந்தது, ஆனால் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டும், ஃபைலைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியும் இன்னமும் 1.0-ஐத்தான் படிக்கின்றன.

எக்ஸ்எஸ்டியை டேபிளின் வரைபடம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு காகிதத்தின் வடிவத்தைச் சொல்கிறது. அந்தக் காகிதத்தில் இருப்பதை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள பாதிக் கேள்விகள் இந்த ஒரு குழப்பத்தில் பிறந்தவை.

ஒரு எக்ஸ்எம்எல்லுக்கு ஒரு டேபிள் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஒரு மசாலாக் கடைக்கு வரும் ஆர்டரை எடுத்துக்கொள்வோம்:

<ஆர்டர் எண்="1042">
  <தேதி>2025-03-04</தேதி>
  <சாமான்>
    <பெயர்>மிளகாய்த்தூள்</பெயர்>
    <கிலோ>25</கிலோ>
    <தொகை நாணயம்="வெள்ளி">412.50</தொகை>
  </சாமான்>
  <சாமான்>
    <பெயர்>சீரகம்</பெயர்>
    <கிலோ>10</கிலோ>
    <தொகை நாணயம்="வெள்ளி">230.00</தொகை>
  </சாமான்>
</ஆர்டர்>

டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: வைக்கலாம், எக்ஸ்எம்எல் விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமர் அனுமதிக்க மாட்டார்.

இங்கே ஆர்டர் ஒன்று, சாமான் இரண்டு. வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட். ஒரே டேபிளில் போட்டால் ஒன்று, தேதியும் ஆர்டர் எண்ணும் ஒவ்வொரு வரிசையிலும் திரும்பத் திரும்ப வரும். அல்லது சாமான்1, சாமான்2 என்று ஃபீல்டு வைக்கத் தொடங்கி, சாமான்14-ல் போய் அழுவீர்கள். ஒரு டேக் அதிகபட்சம் எத்தனை தடவை வரலாம் என்பதற்கு எக்ஸ்எஸ்டியில் 'மேக்ஸ்அக்கர்ஸ்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அது ஒன்றுக்கு மேல் இருந்தாலோ 'அன்பவுண்டட்' (எல்லை இல்லை) என்று இருந்தாலோ அந்த டேக்குக்குத் தனி டேபிள் வேண்டும். தாய் டேபிளின் பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணை (ஒரே ஆள் அனுப்பும் வரை இங்கே 1042 போதும்), பிள்ளை டேபிளில் ஃபாரின் கீயாக, அதாவது தாயைக் காட்டும் குறிப்பாக, வையுங்கள். குறைந்தது எத்தனை தடவை என்று சொல்லும் 'மின்அக்கர்ஸ்' பூஜ்யமாக இருந்தால் அந்த ஃபீல்டு காலியாக இருக்க டேபிளில் இடம் கொடுங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்எம்எல்லில் எது முன்னால், எது பின்னால் என்பதற்கு அர்த்தம் உண்டு. டேபிளுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. பில்லில் இருந்த அதே முறையில் திரும்ப அச்சடிக்க வேண்டுமென்றால், எத்தனையாவது சாமான் என்ற எண்ணையும் ஒரு ஃபீல்டாகச் சேமியுங்கள்.

எக்ஸ்எஸ்டியைக் கொடுத்தால் டேபிள் தானாக உருவாகாதா?

சில இடங்களில் உருவாகும். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் எக்ஸ்எஸ்டியைப் படித்து வெறும் டேபிளை மட்டும் உண்டாக்கும், தரவோடு சேர்த்தும் உண்டாக்கும், ஏற்கெனவே இருக்கும் டேபிளில் சேர்க்கவும் செய்யும். ஆனால் மேலே உள்ள ஆர்டரைக் கொடுத்தால் ஆர்டர் டேபிள் தனியாக, சாமான் டேபிள் தனியாக வரும். எந்தச் சாமான் எந்த ஆர்டருடையது என்ற தொடர்பு வராது. இருநூறு ஆர்டரை இப்படி ஏற்றிவிட்டு, "சீரகம் யாருக்குப் போக வேண்டும்?" என்று கேட்ட கடையை எனக்குத் தெரியும். முன்கூட்டியே எக்ஸ்எஸ்எல்டி என்ற, எக்ஸ்எம்எல்லின் வடிவத்தை மாற்றி எழுதும் மொழியால் ஆர்டர் எண்ணை ஒவ்வொரு சாமானுக்குள்ளும் இறக்கிவிட்டால் தப்பிக்கலாம்.

டாட்நெட்டின் டேட்டாசெட் இதில் கெட்டி. அதுவாகவே ஓர் அடையாள எண்ணைச் சேர்த்துத் தாயையும் பிள்ளையையும் கட்டிவிடும்.

தானாக உருவாகும் டேபிளை முதல் நாள் வேடிக்கை பார்க்கப் பயன்படுத்துங்கள். ஃபீல்டு அளவும் வகையும் நீங்கள் உட்கார்ந்து யோசித்து வைக்க வேண்டியவை.

எங்கள் டேட்டாபேஸில் எப்படிச் செய்வது?

எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது.

எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கென்றே ஒரு தரவு வகை இருக்கிறது. எக்ஸ்எஸ்டியை 'ஸ்கீமா கலெக்‌ஷன்' ஆகப் பதிந்து வைத்தால், ஏற்றும்போதே சரிபார்த்துத் தவறானதைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒரு எக்ஸ்எஸ்டி இன்னொன்றை 'இன்குளூட்' செய்திருந்தால் இது ஏற்காது, முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு 'நோட்ஸ்' என்ற முறையால் சாமான்களை வரிசைகளாகப் பிரித்து எடுக்கலாம்.

பெரிய ஃபைலுக்கு 'எஸ்க்யூஎல்எக்ஸ்எம்எல் பல்க் லோடு' இருக்கிறது. எக்ஸ்எஸ்டிக்குள்ளேயே இந்த டேக் இந்த டேபிளுக்கு, இந்த டேக் இந்த ஃபீல்டுக்கு என்று குறிப்பு எழுதிக் கொடுத்தால் வேகமாக ஏற்றிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான்: எக்ஸ்எஸ்டி கொடுத்திருக்கிறோமே, சரிபார்த்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அது சரிபார்க்காது. டேக்குகள் ஒழுங்காகத் திறந்து மூடியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். எக்ஸ்எஸ்டியை அது வழிகாட்டிப் பலகையாக மட்டுமே வைத்துக்கொள்கிறது. போதாததற்கு, வழக்கமான அமைப்பில், ஏறினால் எல்லாம் ஏறும், இல்லாவிட்டால் எதுவும் ஏறாது என்று உறுதி தரும் டிரான்சாக்‌ஷனும் கிடையாது. பாதியில் நின்றால் பாதி உள்ளே போயிருக்கும்.

போஸ்ட்கிரெஸ் எக்ஸ்எஸ்டியைத் தொடுவதே இல்லை. வெளியே சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் அதன் நிலை. அதற்குப் பதிலாக 10-ம் பதிப்பில் வந்த 'எக்ஸ்எம்எல்டேபிள்' மிக நல்ல வசதி. எந்தப் பாதையில் உள்ளது எந்த ஃபீல்டுக்கு என்று எழுதினால் வரிசைகளாகவே கொடுக்கும், எத்தனையாவது என்ற எண்ணையும் தரும். எனக்குப் பிடித்தது இதுதான்.

மைஎஸ்க்யூஎல்லில் 'லோடு எக்ஸ்எம்எல்' கட்டளை உண்டு. டேக் பெயரும் ஃபீல்டு பெயரும் ஒன்றாக இருந்தால் இழுத்துக்கொள்ளும். பொருந்தாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அந்தச் சத்தமின்மைதான் ஆபத்து. ஆரக்கிளில் ஸ்கீமாவைப் பதிவது, எக்ஸ்எம்எல்டேபிள் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் ஆரக்கிள் வாங்கிய கம்பெனியில் அதற்கென்று ஓர் ஆளும் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

நேராக உண்மையான டேபிளில் ஏற்றலாமா?

வேண்டாம். ஜார்ஜ்டவுன் கடைவீதியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லாரியில் வரும் சாமான் முதலில் அஞ்சடியில், அதாவது கடை வாசலை ஒட்டிய நடைபாதையில், இறங்கும். மூட்டையை எண்ணி, சீட்டோடு ஒத்துப் பார்த்து, கிழிந்ததை ஒதுக்கி வைத்து, அப்புறம்தான் கடைக்குள் போகும். டேட்டாபேஸிலும் அப்படி ஓர் அஞ்சடி வேண்டும். 'ஸ்டேஜிங் டேபிள்' என்பார்கள்.

அதில் எல்லா ஃபீல்டையும் வெறும் எழுத்து வகையாகவே வையுங்கள். தேதி, தொகை எதுவானாலும் வந்தது வந்தபடி இறங்கட்டும். எந்த ஃபைல், ஃபைலில் எத்தனையாவது, எத்தனை மணிக்கு ஏற்றியது என்ற மூன்றையும் கூடவே எழுதுங்கள். பிறகு கேள்வி கேளுங்கள்: இந்த வாடிக்கையாளர் நம்மிடம் இருக்கிறாரா? சாமான்களின் தொகையைக் கூட்டினால் பில் தொகை வருகிறதா? தேறியதை ஒரே டிரான்சாக்‌ஷனில் உள்ளே எடுங்கள். தேறாதது அஞ்சடியிலேயே கிடக்கட்டும், யாராவது வந்து பார்ப்பார்கள்.

ஸ்கீமா சரி என்று சொன்னதே, பிறகு ஏன் தப்பாக இருக்கிறது?

தொகை என்ற இடத்தில் எண் இருக்கிறதா என்றுதான் ஸ்கீமா பார்க்கும். அந்த எண் சரியா என்று அதற்குத் தெரியாது. 1.1 பதிப்பில் 'அசர்ட்' என்ற வசதியால் கூட்டுத்தொகை மாதிரியானவற்றைச் சரிபார்க்கலாம். ஆனால் முன்பே சொன்ன மாதிரி, உங்கள் கருவிக்கு 1.1 தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் நிஜமாக இருக்கிறாரா என்பது எந்தப் பதிப்புக்கும் தெரியாது.

தசமத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்எஸ்டியில் வெறுமனே 'டெசிமல்' என்று இருந்தால் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற கட்டுப்பாடு இல்லை. மின்னணு உதிரிப் பாகம் ஒன்றின் விலை 0.0375 வெள்ளி என்று வரும். உங்கள் ஃபீல்டில் இரண்டு இலக்கம்தான் என்றால் டேட்டாபேஸ் அதை 0.04 ஆக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். பத்தாயிரம் பாகத்துக்கு 375 வெள்ளி வர வேண்டியது 400 ஆகும். ஸ்கீமாவும் சரி சொல்லும், டேபிளும் சரி சொல்லும், தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு மட்டும் போன் போடும்.

அட்ரிப்யூட்டைக் கவனிக்காமல் விடுவது இதைவிட மோசம். மேலே தொகை டேக்குக்குள் 'நாணயம்' என்று வைத்திருக்கிறேன் அல்லவா? ஒரு கடையில் தொகையை மட்டும் இழுத்துவிட்டு நாணயத்தை விட்டுவிட்டேன். இந்தியாவிலிருந்து டாலரில் வந்த பில்கள் எல்லாம் வெள்ளியாகக் கணக்கில் ஏறின. கணக்குப் பார்க்கும் அக்காதான், "சீரகம் எப்போது இவ்வளவு மலிவானது?" என்று கேட்டுக் கண்டுபிடித்தார். தவறு முழுக்க என்னுடையது.

பிழையே வரவில்லை, ஆனால் ஒரு வரிசைகூட ஏறவில்லை. ஏன்?

நேம்ஸ்பேஸ். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான்.

எக்ஸ்எம்எல்லின் முதல் டேக்கில் 'எக்ஸ்எம்எல்என்எஸ்' என்று போட்டு இணைய முகவரி மாதிரி ஏதோ எழுதியிருக்கும். அதை பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டாம், அது வெறும் பெயர். நம்மூரில் ஒரே தெருவில் மூன்று முருகன் இருந்தால் கடை முருகன், பேங்க் முருகன் என்கிறோமே, அதைப் போல. ஃபைலில் இருப்பது கடை முருகன். நீங்கள் உங்கள் பாதையில் வெறும் முருகன் என்று தேடினால், அப்படி யாரும் இல்லை என்று பூஜ்யம் வரிசை வரும். அது பிழை இல்லை என்பதால் செய்தியும் வராது.

முன்னொட்டே இல்லாமல் எழுதப்பட்ட நேம்ஸ்பேஸ்தான் அதிகம் ஏமாற்றும். டேக்கைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். போஸ்ட்கிரெஸின் எக்ஸ்எம்எல்டேபிளில் இந்த முன்னொட்டு இல்லாத வகையை அப்படியே சொல்ல வழியில்லை. நீங்களாக ஒரு முன்னொட்டு வைத்து, பாதையில் ஒவ்வொரு டேக்குக்கும் அதைச் சேர்க்க வேண்டும். எத்தனை வரிசை எதிர்பார்த்தோம், எத்தனை ஏறியது என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்றால் புரோகிராம் வேலையை நிறுத்தி உங்களை எழுப்ப வேண்டும்.

சுங்கைப்பட்டாணி வாடிக்கையாளர்களின் போஸ்ட்கோடு 8000 என்று வருகிறதே?

08000 என்பது எண் அல்ல, எழுத்து. முழு எண் வகை ஃபீல்டில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். பினாங்குக் கடைகளுக்குக் கெடா வாடிக்கையாளர்கள் நிறைய என்பதால் இது முதல் நாளே தெரிந்துவிடும். கோலாலம்பூரில் 50000-லேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரியும்.

அடையாள அட்டை எண்ணுக்கும் இதே கதை. 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்த பிள்ளைகள் இப்போது வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும். இ-இன்வாய்ஸில் பினாங்கின் மாநிலக் குறியீடு 07, தொலைபேசி 04. கூட்டிக் கழிக்க மாட்டோம் என்றால் அது எழுத்து வகை. இடையில் எக்ஸெல்லில் ஒரு தடவை திறந்து சேமித்தாலும் பூஜ்யம் காணாமல் போகும், அதையும் விசாரியுங்கள்.

தேதி ஒரு நாள் பின்னால் போகிறது.

எக்ஸ்எஸ்டியின் தேதி வகை வருஷம்-மாதம்-நாள் என்றே இருக்கும். நாம் எழுதுவது போல 04/03/2025 என்று வந்தால் அதை அனுப்புகிறவர் எழுத்து வகையாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அது மார்ச்சா ஏப்ரலா என்று அவரைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒரு நாள் பின்னால் போவது வேறு விஷயம். இ-இன்வாய்ஸில் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் கொடுக்க வேண்டும். நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மார்ச் 1, காலை 7 மணிக்குக் கடை திறந்து போட்ட பில், யூடிசியில் பிப்ரவரியின் கடைசி நாள் இரவு 11 மணி. காலைச் சந்தை வியாபாரம் செய்கிறவருக்கு மாதக் கணக்கே மாறும். வந்த நேரத்தை அப்படியே ஒரு ஃபீல்டிலும், மலேசிய நேரத்துக்கு மாற்றியதை இன்னொன்றிலும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன.

எஸ்க்யூஎல் சர்வரில் 'வார்சார்' ஃபீல்டு வைத்திருப்பீர்கள். அதை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் 'என்வார்சார்' ஆக்குங்கள். ஏற்கெனவே கேள்விக்குறி ஆனது திரும்பி வராது, ஃபைலிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். 'என்கோடிங்கை மாற்ற முடியவில்லை' என்ற பிழை வந்தால், ஃபைலின் தலைவரி எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்ல, நீங்கள் அதை யூனிகோட் சரமாக உள்ளே கொடுத்திருக்கிறீர்கள். தலைவரியை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதும்.

நீளம் இன்னொரு பொறி. 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனியாக எண்ணும் யூனிகோடில் ஏழு. யூடிஎஃப்-8 பைட்டுகளில் 21. எக்ஸ்எஸ்டியின் அதிகபட்ச நீளம் ஏழு என்று எண்ணும், போஸ்ட்கிரெஸும் அப்படியே. ஆரக்கிள் வழக்கமான அமைப்பில் 21 என்று எண்ணும். ஸ்கீமாவில் 50 என்றிருப்பதைப் பார்த்து டேபிளிலும் 50 வைத்தால், தமிழ்ப் பெயர் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

'ஸ்ரீ' என்று தொடங்கும் கடைப் பெயர்கள் நம்மிடம் அதிகம் அல்லவா? அந்த எழுத்தைக் கணினியில் ஸ என்ற அடிப்படையிலும் எழுதலாம், ஶ என்ற அடிப்படையிலும் எழுதலாம். பார்க்க ஒன்றாகவே இருக்கும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. ஒரே வாடிக்கையாளர் இரண்டு பேராக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். வழக்கமான யூனிகோட் சீராக்கம் இதைச் சரிசெய்யாது, நாமே மாற்றி எழுத வேண்டும்.

வெளிநாட்டு ஸ்கீமாவில் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. நமக்கு ஏது?

அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டால், பிறகு அப்பா பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டுக் கடிதம் வரும். உங்கள் டேபிளில் அடையாள அட்டையில் உள்ளபடி ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) உட்பட முழுப் பெயருக்கு ஒரு ஃபீல்டு வையுங்கள். அனுப்பும்போது மட்டும் அவர்கள் கேட்கும் விதத்தில் பிரித்துக் கொடுங்கள். சாய்கோடு எக்ஸ்எம்எல்லுக்குப் பிரச்சினை இல்லை. '& சன்ஸ்' என்று முடியும் கடைப் பெயர்தான் பிரச்சினை. அந்த '&' குறியை அதற்குரிய முறையில் மாற்றி எழுதாவிட்டால் முழு ஃபைலும் படிக்க முடியாமல் போகும்.

இ-இன்வாய்ஸுக்கு எந்த எக்ஸ்எஸ்டி?

வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் எடுத்துக்கொண்டிருப்பது யூபிஎல் 2.1, பில், ஆர்டர் போன்ற வியாபாரக் காகிதங்களுக்கான பொது எக்ஸ்எம்எல் வடிவம். ஓயாசிஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்டது, எக்ஸ்எஸ்டிகளை அவர்களிடமே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பில்லை எக்ஸ்எம்எல்லாகவும் அனுப்பலாம், ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவத்திலும் அனுப்பலாம். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-ல் கட்டாயமானது. இரண்டரைக் கோடிக்கு மேல் உள்ளவர்கள் 2025 ஜனவரியிலும், ஐம்பது லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் ஜூலையிலும் சேர்ந்தார்கள்.

யூபிஎல் உலகத்துக்கே பொதுவாக எழுதப்பட்டதால் அதில் ஏறக்குறைய எல்லாமே விருப்பம்தான். அந்த எக்ஸ்எஸ்டிக்குப் பொருந்திய பில்லையும் வாரியம் திருப்பி அனுப்பும், ஏனென்றால் வரி எண், தொழில் குறியீடு முதலியவற்றுக்கு அவர்கள் விதி தனி. யூபிஎல்லின் ஒவ்வொரு டேக்குக்கும் டேபிள் கட்டத் தொடங்கினால் ஹரி ராயாவுக்குத் தொடங்கியது தீபாவளிக்கும் முடியாது. பில், பில்லில் உள்ள சாமான்கள், வரித் தொகைகள், இரு தரப்பினர் என்று நான்கு டேபிள் கட்டுங்கள். முழு எக்ஸ்எம்எல்லையும் அப்படியே ஒரு ஃபீல்டில் சேமித்து வையுங்கள், பின்னால் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஃபைல் பெரிது, கணினி உறைந்துவிடுகிறது.

முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றிப் படிக்கும் முறையை விடுங்கள், அது ஃபைலைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். டேக் டேக்காக ஓடவிட்டுப் படிக்கும் வசதி எல்லா மொழியிலும் இருக்கிறது. பைத்தானில் 'ஐடர்பார்ஸ்' என்றால், படித்து முடித்த டேக்கைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பலனில்லை. ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து ஏற்றுங்கள்.

ஒரே ஃபைலை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன்.

எல்லோரும் செய்வதுதான். அனுப்புகிறவரும் அவர் கொடுத்த ஆர்டர் எண்ணும் சேர்ந்த ஜோடிக்கு 'யூனிக்' கட்டுப்பாடு போடுங்கள், இரண்டாவது தடவை டேட்டாபேஸே மறுத்துவிடும். ஆர்டர் எண்ணுக்கு மட்டும் போடாதீர்கள். இரண்டு கடைக்காரர்களும் 1042 என்று ஓர் ஆர்டர் வைத்திருப்பார்கள்.

வெளியாளிடமிருந்து வரும் எக்ஸ்எம்எல்லில் ஆபத்து உண்டா?

உண்டு. ஃபைலின் தொடக்கத்தில் வரும் 'டாக்டைப்' பகுதியில் எழுதப்படும் என்டிட்டி என்ற சுருக்கக் குறி வழியாக உங்கள் சர்வரில் உள்ள ஃபைலைப் படிக்க வைக்கலாம். சின்ன ஃபைலை நினைவகத்தில் ஜிகாபைட் கணக்கில் ஊத வைக்கவும் செய்யலாம். டாக்டைப்பையும் வெளி என்டிட்டிகளையும் படிப்பானில் முடக்கிவிடுங்கள். எக்ஸ்எஸ்டி வைத்து வேலை செய்பவருக்கு இரண்டும் தேவையே இல்லை.

திடீரென்று ஸ்கீமாவை மாற்றிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் யாரோ ஒரு டேக்கின் பெயரை மாற்றியிருப்பார், அவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. முதல் நாள் வாங்கிய எக்ஸ்எஸ்டியைத் தேதியோடு பத்திரமாக வைத்து, வரும் ஒவ்வொரு ஃபைலையும் அதை வைத்தே சரிபாருங்கள். எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியில் ஒரு வரிக் கட்டளை போதும், லினக்ஸில் இலவசம். இணையத்திலிருந்து புதிய எக்ஸ்எஸ்டியை ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சரிபார்க்கிற மாதிரி வைத்தால், அவர்கள் மாற்றியதற்கு அவர்கள் ஸ்கீமாவே ஆமாம் போட்டுவிடும். பொருந்தாத ஃபைலை அஞ்சடிக்குக்கூட எடுக்காமல் தனி ஃபோல்டரில் போட்டு, எத்தனையாவது வரியில் என்ன பிழை என்பதை அப்படியே அவர்களுக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். வரி எண்ணோடு போகும் புகாருக்குத்தான் அன்றைக்கே பதில் வரும்.